கிரகணத்தில் களவுபோன நிறம்

மாமாவுக்கு என்மேல்தான் எத்தனை பிரியம் என்று எட்டு வயதில் நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். அம்மாவின் தம்பியான அவர் உக்குவளையில் கணக்கு வாத்தியார். தினமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்ததும் என்னைப் பக்கத்தில் இருத்தி, அடுப்படிவரை கேட்கும் குரலில் ஆகாய விஷயங்களை அள்ளிவிடுவார். சந்திரனைவிடச் சூரியன் நானூறு மடங்கு பெரிதாம். நானூறு மடங்கு தூரத்தில் இருப்பதால்தான் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றனவாம். அடுப்படியில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள் என்பதால் இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை.

அந்த வருஷம் முழுச் சூரிய கிரகணம் வந்தது. வானம் இருட்டும் நேரத்தில் வசம்பைக் கரைத்துக் குடித்தால் கறுப்பு வெளுக்கும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மாத்தளைக் கடைகளில் வசம்புக்குத் தட்டுப்பாடு. அத்தை நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே நழுவியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து இன்னொரு கூட்டம் வரவிருந்தது. இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை விடுவாளா? பெரிய கோப்பை நிறையக் கரைத்து வைத்தாள்.

"இவ்வளவு வசம்பு குடிச்சா குடல் வெந்துரும்னு உங்க அத்தைகிட்ட சொல்லு," என்றார் மாமா என்னிடம். "சூரியன சந்திரன் மறைக்குது, அவ்வளவுதான். வெளிச்சம் இங்க வந்து சேரவே எட்டு நிமிசம் ஆகும். நாம பாக்குறதே எட்டு நிமிசத்துக்கு முந்தின சூரியன்."

அத்தையும் என்னிடம்தான் கேட்டாள்: "அப்ப இருட்டுனதும் குடிக்கிறதா, எட்டு நிமிசம் பொறுத்துக் குடிக்கிறதான்னு கேளு."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

கிரகணத்தன்று காலை பலா மரத்தடியில் விழுந்திருந்த வெயில் பொட்டுகளெல்லாம் பிறை பிறையாக மாறின. இலை இடுக்கு ஒவ்வொன்றும் சூரியனைப் படம் பிடிக்கிறது என்றார் மாமா. பிறகு இருட்டு கவிந்தது. கோழிகள் கூட்டுக்கு ஓடின. பட்டப்பகலில் ஒரு நட்சத்திரம் மினுக்கியது. எல்லாரும் வாயைப் பிளந்து மேலே பார்க்க, நான் மட்டும் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தை வெளுப்பதை முதலில் பார்க்க வேண்டுமே. அப்போது மாமாவின் கை நீண்டது. அத்தை திரும்புவதற்குள் மடமடவென்று முழுவதையும் குடித்து முடித்தார்.

"அத்தையோட கலர மாமா குடிச்சிட்டாரு," என்று கத்தினேன்.

வெளிச்சம் திரும்பியபோது மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். ஊருக்குப் புத்தி சொன்ன வாத்தியாருக்கே வெளுக்க ஆசையா என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமா மறுத்துப் பேசவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டாரே பாவி மனுஷன். அடுத்த நாள் அவருடைய காதுமடலைத் திருப்பிப் பார்த்தேன். துளிகூட வெளுக்கவில்லை. அத்தனையும் வீண்.

பறிகொடுத்த அத்தைக்கோ கோபமே இல்லை. தன் கையாலேயே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். "சூடா இருக்கு, மெதுவா குடிங்க," என்று அவரிடமே நேராகச் சொன்னாள். கண்டிக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி அப்பாவிடமும் சொன்னாள். ஆவணியில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். களவெடுத்தவருக்கே பெண்ணையும் கொடுத்தார்கள். இது என்ன நியாயமோ.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா எனக்கு ஆகாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கு வளையம் இருக்கிறதாமே, அதையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"அத்தைகிட்ட சொல்லிட்டேன், போய்க் கேட்டுக்க," என்றார்.

அன்று நான் கத்திக் காட்டிக்கொடுத்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, நெடுநாள் அழுதேன்.