ஜெய்தூன் பீவியின் இருமல்

எங்கள் தெருவில் ஜெய்தூன் பீவிக்கு வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் எல்லாரும் அவர் ஆக்கிய சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். நான் எதிர் வீடு. வாசல் அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் அவர் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது. அவரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

எரியோட்டில் பிறந்து எங்கள் பேகம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் நூர் முகமது தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். ஒரு நாள் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மகன் அயாஸ் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விசேஷம். சமைக்க வர வேண்டிய பண்டாரி காய்ச்சல் என்று படுத்துவிட்டார். ஜெய்தூன் பீவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய சோற்றுத் தேக்சாவுக்கு முன்னால் போய் நின்றார். மைத்துனர் ஓடி வந்து, "பொம்பள ஊரு முன்னாடி தேக்சா கிண்டுறதா?" என்று குதித்தார்.

"வீட்டுக்குள்ள கிண்டுனா வேகுற சோறு வெளியில கிண்டுனா வேகாதா? செத்த நேரம் ஒக்காருங்க, தின்னுட்டுச் சொல்லுங்க" என்றார் இவர்.

மைத்துனர் தின்றுவிட்டு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். அப்படித் தொடங்கியதுதான் அந்தத் தொழில். நிக்காஹ், காதுகுத்து, கோயில் அன்னதானம், சர்ச் அசன விருந்து என்று எல்லா இடத்துக்கும் போனார். அவரோடு நாலைந்து பெண்கள். அதில் வலது கை மாதிரி இருந்தவள் பேச்சாயி. சாணார்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாள். உப்புப் பார்ப்பது அவள்தான். அவள் தலையை ஆட்டினால்தான் மூடி போடுவார்கள்.

இனி இருமலுக்கு வருகிறேன்.

விசேஷ வீட்டுச் சமையலில் இருமாதவர்கள் கிடையாது. சீமைக்கருவேல விறகு புகையும். மூட்டை மிளகாய் வத்தலை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். நெடி ஏறி ஒருத்தி இருமுவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி இருமுவாள், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். யாரும் இருமவில்லை என்றால்தான் வத்தல் சொத்தை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மாசக்கணக்காக இருமினால் யாருக்கு உறைக்கும்? ஜெய்தூன் பீவிக்கும் உறைக்கவில்லை. உடம்பு மெலிந்தது. "அக்கா இப்பத்தான் ஒடம்பு கொறஞ்சு அழகா இருக்கீக" என்றார்கள். அவரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். சாயங்காலமானால் வந்த காய்ச்சலை அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு மாசா மாசம் பிரஷர் மாத்திரை வாங்கப் போவார். அங்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் இவர் இருமுவதைக் கேட்டுவிட்டு, சளி பிடிக்கும் டப்பாவைக் கையில் கொடுத்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, பொகை" என்று இவர் சொல்லியிருக்கிறார். "இருக்கட்டும், குடுத்துட்டுப் போங்க" என்று நர்ஸ் விடவில்லை. சளியில் டிபி கிருமி இருந்தது.

மதியழகன் என்று ஒரு பையன், சுகாதாரத் துறையில் டிபி நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவன் வேலை. வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வண்டியில் டிபி என்று எழுதியிருப்பதை யாரும் படித்துவிடக் கூடாதாம். ஆறு மாசம் மாத்திரை, இலவசம், ஒரு நாளும் விடக் கூடாது, முதல் சில வாரம் கூட்டத்துக்குப் போக வேண்டாம், அப்புறம் மற்றவருக்குத் தொற்றாது என்று விவரமாகச் சொன்னான். கடைசியில், "உங்களோட வேலை செய்யிறவங்க யாரு யாரும்மா? அவங்களையும் பாத்துரணும்" என்றான்.

இதெல்லாம் பிறகு ஜெய்தூன் பீவியே என்னிடம் சொன்னது. மகன் அயாஸ் முந்திக்கொண்டு காதோரம், "அம்மா, யாருட்டயும் மூச்சு விட்றாத. சமையக்காரிக்கு டிபின்னு தெரிஞ்சா ஒரு பய கூப்புட மாட்டான்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அவர் மதியழகனைப் பார்த்து, "எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாக தம்பி" என்றார்.

மூட்டு வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தார். பேச்சாயியை முன்னால் நிறுத்தி வேலை நடந்தது. மதியழகன் விவரமானவன், ஆள் பெயர் கிடைக்காவிட்டாலும் விசேஷ வீடுகளைத் தேடிப் போனான். நடமாடும் எக்ஸ்ரே வண்டி எங்கள் வார்டுக்கு வந்தபோது, "சமையல் வேலை பாக்குறவங்க எல்லாரும் வாங்க, சும்மா ஒரு படம்தான்" என்று கூப்பிட்டான். "அடுப்பப் படம் புடிங்க தம்பி, அதுதான் ரொம்பப் பொகையுது" என்று பேச்சாயியும் மற்றப் பெண்களும் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

தோல் வியாபாரி முகமது பாரூக் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பகுதியிலேயே பெரிய விசேஷம். மசாலா அளவு கேட்டு மண்டபத்திலிருந்து பேச்சாயி போன் பண்ணினாள். பேச்சுக்கு நடுவில் இருமினாள். நிற்காமல் இருமினாள்.

"என்னடி இப்புடி இருமுற?"

"பொகைக்கா."

"அடுப்புப் பத்த வச்சாச்சா?"

"இனிமேத்தான்க்கா. இப்பத்தான் கறி வந்திருக்கு."

ஜெய்தூன் பீவி போனை வைத்துவிட்டார். எரியாத அடுப்பிலிருந்து என்ன புகை வரும்? தான் மாசக்கணக்காகச் சொன்ன அதே பதில், அதே குரலில். அயாஸ் வாசலில் நின்று வழியை மறித்தானாம். "இன்னும் கொஞ்ச நாள்தானம்மா, நாம ரகசியமா அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்" என்றான்.

"அந்தத் தம்பி ரகசியமாத்தான் கூப்புட்டாரு. சிரிச்சு அனுப்பிட்டாளுக. எனக்கு வந்துச்சுன்னு நான் சொன்னாத்தான் நம்புவாளுக. தள்ளு."

எனக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தது. மணப்பெண் என்னிடம் படித்தவள், அதனால் முந்தின நாளே போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் பேச்சுக்கு உட்கார்ந்திருந்தேன். ஜெய்தூன் பீவி வேகமாக வந்தார், மூச்சு வாங்கியது. முகத்தில் மாஸ்க்.

"எல்லாரும் கேளுங்கடி. எனக்கு மூட்டு வலி இல்ல. டிபி. கெவுருமெண்டுல மாத்திரை திங்கிறேன். நானும் பொகை பொகைன்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்களோட இருமுனவ நான், உங்களுக்கும் இருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

வெங்காயக் கத்திகள் அப்படியே நின்றன. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பேச்சாயி, "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று சொல்ல வாயெடுத்து, அதற்குள் இருமல் வந்து குனிந்துகொண்டாள்.

விஷயம் காதுக்கு எட்டி முகமது பாரூக் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். கெட்டவர் இல்லை. ஆனால் கெட்ட பேர் வரக் கூடாது என்பதற்காக எதையும் செய்யக்கூடியவர். குரலைத் தாழ்த்தி, "என்ன ஜெய்தூனு இது, ஊரு ஒலகமெல்லாம் வந்திருக்கு. நாளைக்கு விசேஷம் முடியட்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"அண்ணே, சோத்துல வராது. பயப்படாம உங்க சனம் சாப்புடலாம். இருமுறவ பக்கத்துல ஒக்காந்திருக்கவளுக்குத்தான் வரும். இவ இன்னும் ஒரு ராத்திரி பூரா இந்தக் கொட்டாயில இருமிக்கிட்டுக் கெடக்கணும்னு சொல்றீகளா?"

"என் மக கல்யாணம்மா!"

"இவளும் ஒருத்தருக்கு மகதாண்ணே" என்று சொல்லிவிட்டு, பேச்சாயியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

இரண்டு பேரும் ஆட்டோவில் போனார்கள். சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் டாக்டர் இருப்பார். மற்ற பெண்கள் மூக்கை வாயைக் கட்டிக்கொண்டு சமையலை முடித்துக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு மறுநாள் கூட்டமாக சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள், நன்றாகவே சாப்பிட்டார்கள். பாரூக் பேசினபடி கூலி எல்லாம் கொடுத்தும்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஜெய்தூன் பீவி வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. காதுகுத்து கை மாறியது. அசனம் கை மாறியது. ஆண்டுக்கணக்காக அவர் கையால் தின்றவர்கள், 'இப்ப எல்லாம் ரெடிமேடா வாங்கிக்கிறோம்' என்று வழியில் பார்த்தால் சொன்னார்கள். இன்னும் சிலர் சொல்லக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இப்போதும் இருக்கிறது.

ஜெய்தூன் பீவி ஒளிந்துகொள்ளவில்லை. காலையில் மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வாசல்படியில் வந்து உட்காருவார். தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்க, ஒவ்வொரு மாத்திரையாக விழுங்குவார். "உள்ள போய்த் தின்னா என்னம்மா" என்று அயாஸ் தலையில் அடித்துக்கொள்வான். "திருடியா தின்னேன்?" என்பார். மதியழகன் வழக்கம்போல வண்டியைத் தெரு முனையில் நிறுத்தியபோது, "தம்பி, வாசல்லயே நிறுத்துங்க. எழுதியிருக்கது எல்லாருக்கும் தெரியட்டும்" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அவன் முதலில் கூச்சப்பட்டான். பிறகு வாசலிலேயே நிறுத்திப் பழகிவிட்டான். அந்த வண்டியைப் பார்த்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பீடிக்காரர் தானாக வந்து சளி பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டது எனக்குத் தெரியும்.

பேச்சாயிக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்டுப் பார்த்தேன். மகள் பிரசவத்துக்கு ஊரோடு இருக்கிறாள் என்றார் ஜெய்தூன் பீவி. அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. என் வியாதியை நான் சொல்வேன், இன்னொருத்தி வியாதியைச் சொல்ல நான் யார் என்பது அவர் கணக்கு. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவர் அதை மட்டும் என்னிடமும் சொல்லவில்லை.

ஆறு மாசம் ஓடியது. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. உடம்பு தேறி, பழைய சத்தமும் வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை. இன்னும் சில வாரம் கழித்து பேச்சாயி வந்தாள். இரண்டு பேரும் பழைய தேக்சாக்களைத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அங்கே டீ குடிக்கப் போயிருந்தேன். அப்போது முகமது பாரூக்கின் மனைவி சைனம்பு வந்தார். கல்யாணமான அந்த மகளுக்கு இப்போது வளைகாப்பு மாதிரி ஒரு வீட்டு விசேஷமாம். புதுப் பண்டாரியின் கை சரியில்லையாம்.

சைனம்பு உட்காராமலே பேசினார். ஜெய்தூன் பீவியைப் பார்க்காமல் பேச்சாயியைப் பார்த்துப் பேசினார்.

"நீ வந்து ஆக்கிக் குடு பேச்சாயி. ஓங் கையும் அதே ருசிதான். இவுகளக் கூப்புட்டா வாரவுக ஒரு மாதிரி நெனப்பாக. ஒனக்கு அன்னைக்கு வெறும் இருமல்தான, நீ நல்ல ஒடம்புக்காரி. ஓம் பேருலயே போட்டுக்குவம்."

ஜெய்தூன் பீவி தேக்சாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்திருந்தது. "போடி, போய்ச் செஞ்சு குடு. வந்த வேலைய விடாத" என்றார். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் மனசாரத்தான் சொன்னார். தொழில் பேச்சாயி பெயரிலாவது நிற்கட்டும் என்று நினைத்திருப்பார். பேச்சாயி தலையை ஆட்டினால் போதும், அவளுக்கு ஊரே கிடைத்துவிடும்.

பேச்சாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் ஆறு மாசம் மாத்திரை தின்னவதாம்மா. எனக்கும் டிபிதான். கொணமாயிருச்சு. அன்னைக்கு ஓங்க மண்டபத்துல இருந்து இந்தக்கா என்னயக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகலைன்னா, என் படத்துக்கு இந்நேரம் மாலை போட்டிருப்பாக. வேணும்னா ரெண்டு பேரையும் கூப்புடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் வரல."

சைனம்பு செருப்பை மாட்டிக்கொண்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். தெரு முனை திரும்பும் வரை அவர் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெய்தூன் பீவி எழுந்து பேச்சாயியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"கிறுக்கச்சி! நானே வாயைத் தொறக்கல, ஒனக்கென்னடி வந்துச்சு? கெடைச்ச ஒரு வேலையும் போச்சு!" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"போனாப் போகுதுக்கா" என்றாள் பேச்சாயி. "அவுக வீட்டு அடுப்படியிலயும் எவளாச்சும் பொகைன்னு சொல்லிக்கிட்டு இருமிக்கிட்டு இருப்பா. அவளுக்கு யாரப் போய்க் கேக்குறதுன்னு தெரிய வேணாமா?"