நான்கு துண்டான படம்

அப்பாவின் ஈரல் படத்தை வெட்டியது நான்தான். அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். கறுப்பு பிலிம் வழியாகப் பார்க்கலாம் என்று சோமனூரில் எங்கள் தறிக்குடோனில் யாரோ சொன்னார்கள். பீரோ மேல் கிடந்த அப்பாவின் சி.டி. ஸ்கேன் பிலிமை எடுத்து நான்காகக் கத்தரித்தேன். தறி ஓட்டுகிற மூவருக்கு ஒவ்வொன்று, எனக்கு ஒன்று. ரிப்போர்ட்தான் பத்திரமாக இருக்கிறதே என்ற மேதாவித்தனம்.

அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. எப்போதோ வந்த மஞ்சள் காமாலை ஈரலைச் சுருக்கிவிட்டது. அதில் புற்று வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போய் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்போம். கிரகணத்துக்குப் பிறகு எடுத்ததில் ஒரு புள்ளி தெரிந்தது. மறுபடி சி.டி. எடுத்தார்கள். அதிலும் இருந்தது.

"போன வருசத்துப் படத்தைக் கொண்டாங்க. அதுலயும் இதே எடத்துல இதே அளவுல இருந்தா பயமில்லீங்க. இல்லைன்னா புதுசா மொளைச்சது" என்றார் டாக்டர்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதலீங்களே."

"சின்னதா இருந்தா எழுதாம உட்டிருப்பாங்க. படத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

நேராகக் குடோனுக்கு ஓடினேன். மூன்று துண்டு அன்றே கிடைத்தது. நான்காவதை வைத்திருந்தவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். மறுநாள் பஸ் ஏறினேன். அவர் வீட்டு ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அப்பாவின் ஈரல் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க அம்மணி, இதுக்காகவா இத்தன தூரம் வந்தீங்க?" என்று பதறிப் பிய்த்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெற்ற அப்பாவின் ஈரலில் புள்ளி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மகள் வேறு யாராவது உண்டா தெரியாது. புள்ளிகள் நிறையவே இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் நான்கு துண்டுகளையும் விளக்குப் பெட்டியில் சேர்த்து வைத்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பசை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு என்று என் புள்ளிகள் எல்லாம் பஞ்சோடு போயின. வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இல்லீங்க. இது புதுசு" என்றார். "ஆனாச் சின்னது. சீக்கிரம் பாத்துட்டோம்."

நான் உடைந்து அழுதேன். அப்பா எழுந்து போய் நான்கு துண்டுகளையும் கவரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"ஊட்டுக்குப் போனதும் ஒட்டி வெச்சுரு அம்மணி. அடுத்த வருசமும் பழைய படம் கேப்பாங்கல்ல."