வலிக்காத கால்

“படிச்சுட்டா முதல்ல சாமியைத்தான் விடுவீங்க. பார்க்கத்தானே போறோம்!”

நான் காலேஜில் சேர்ந்த அன்று என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வாழ்த்துக்குப் பதிலாக இது கிடைத்தது.

விடுவேனா? பார்மசி படித்தேன். போன வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒரு வாரம்கூட விடவில்லை. பக்தியோடு கொஞ்சம் வீம்பும்தான்!

அந்த வீம்பு ஜூலையில் ஒரு புதன்கிழமை ஆட்டம் கண்டது.

அன்று எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... எங்கள் மாதா கோயில் பங்கில் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். அது முடிந்ததும், அந்த வாரம் கடவுள் செய்த நன்மையை யாராவது எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

அம்மா எழுந்தார்.

“நடவு வயல்ல நத்தை ஓடு கால்ல கிழிச்சுடுச்சு. மந்திரிச்ச எண்ணெய்தான் தடவுனேன். பத்து நாளாச்சு, துளிகூட வலி இல்ல. மாதா வலியை எடுத்துட்டாங்க.”

“மரியே வாழ்க!” என்றது வீடு.

எனக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரைக்காரருக்குக் கால் கிழிந்தும் வலிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் நின்றுகொண்டு தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறேனே... வீட்டில் பார்த்தேனா?

குனிந்து அம்மாவின் சேலைக் கரையை ஒதுக்கினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

“அம்மா, இது மாதா செஞ்ச புதுமை இல்ல. நரம்பு செத்துப்போச்சு. கிளம்பும்மா, ஆஸ்பத்திரிக்கு.”

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “சாட்சி சொல்ற இடத்துல பேசுற பேச்சா இது? நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“அப்புறம் திட்டுங்க அத்தை. இப்ப ஆட்டோவுக்குப் போன் போடுங்க.”

போட்டார். திட்டிக்கொண்டேதான் போட்டார்.

வாசலில் அடுத்த சண்டை. என் செருப்பைக் கழற்றி அம்மாவின் காலருகே வைத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

அம்மா செருப்பு போடாமல் திரிவது எனக்குத் தெரியும். கேட்டால், “செருப்பு சூடுடி” என்பார். நானும் நம்பியிருந்தேன். உண்மை அன்றைக்குத்தான் வந்தது.

“உனக்கு வேலை கெடைச்சா அன்னியிலேர்ந்து செருப்பு போடறதில்ல, அடுத்த திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோட நடந்து வர்றேன்னு நேர்ந்திருக்கேன்டி.”

நான் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். பத்து மாதமும் வெறுங்கால் — எனக்காக!

ஆட்டோவில் அம்மாவின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “ரெண்டு நாள் மருந்து ஏத்திப் பார்ப்போம். கறுப்பு மேல ஏறிச்சுன்னா விரலோட நிக்காதும்மா.”

அந்த இரண்டு நாளும் வார்டு வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ‘மாதாவே, காலைக் காப்பாத்துங்க, நான் பதிலுக்கு...’ என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. பதிலுக்கு ஒன்றைத் தருகிறேன் என்று சொன்னதால்தானே அம்மா இப்போது இங்கே படுத்திருக்கிறார்? காலைக் காப்பாற்றச் சொல்லி மட்டும் கேட்டேன். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து நேர்ந்தே கேட்டுப் பழகியவளுக்கு வெறுமனே கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மூன்றாம் நாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

“ஒரு விரலோட விட்டாங்களே மாதா!” என்றார் அம்மா. சண்டை போட வாய் வந்தது. ஆனால் அதே நிமிஷம் மனசுக்குள் நானும் நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாம் கடவுளை நம்புகிறோம், சரி. அவருக்கு நம் மேல் பிரியம் உண்டு என்பதை நம்புகிறோமா? வேலை கொடுத்தவர் காலைக் கேட்பார் என்று பயப்படுகிறோமே... அது என்ன நம்பிக்கை?

வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். “திருவிழாவுக்குள்ள கட்டு பிரிச்சுடுவாங்கல்ல? மெதுவா நடந்துடுவேன்.”

டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்கிய மெத்துமெத்துச் செருப்பு, பையை விட்டு வெளியே வரவே இல்லை.

பங்குத்தந்தையிடம் ஓடினேன். “ஃபாதர், நேர்ச்சையை மாத்த முடியுமா?”

“தக்க காரணம் இருந்தா மாத்திக் கொடுக்கலாம்மா. யாரும் வந்து கேக்கறதே இல்ல!” என்றார்.

“அம்மாவுக்குப் பதிலா நான் நடக்கட்டுமா?”

“தாராளமா. அம்மா செருப்பு போட்டுக்கிட்டு பஸ்ல வரட்டும்.”

அம்மாவிடம் சொன்னேன். “ஃபாதர் மாத்திட்டாரு சரி. மாதாவுக்குச் சம்மதமாடி?”

“அம்மா, இதே புண்ணு என் கால்ல இருந்தா நீ நடக்க விடுவியா?”

“கொன்னுடுவேன்.”

“மாதாவும் அம்மாதானே?”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பை மூலையிலேயே கிடந்தது. ஒரு வாரம்... இரண்டு வாரம்... நான் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நடைப்பயணக் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை திருவிடைமருதூரிலிருந்து கிளம்பினோம். திருவாரூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வழியனுப்ப அம்மா தெருமுனை வரை வந்தார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கழற்றிவிடுவாரோ என்று நான்கு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். கடவுளை நம்பலாம், எங்கம்மாவை நம்ப முடியாது!