காசு காதான கதை

என் அத்தான் பல் கட்டுகிறவர். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர் முன்னறையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். அத்தான் பின்னறையில் மாவு அச்சுகளுக்கும் மெழுகுக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் யார் வாய்க்கோ வேண்டிய பற்களைச் செய்துகொண்டிருப்பார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். "உனக்கும் அச்சு, எனக்கும் அச்சு மாப்ளே. என்ன, என்னோடது கடிக்கும்" என்று இத்தனை வருஷமாக அதே ஜோக்கைச் சொல்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். அக்காவைக் கட்டியவராயிற்றே, சிரிக்காமல் முடியுமா?

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல்லை மாட்டிப் பார்க்கும்போது கண்ணாடியை நீட்ட மாட்டார். "அழகு அப்புறம். மொதல்ல 'ஊசி, மீசை, காசு'ன்னு சொல்லுங்க" என்பார். காற்று விசிலாக வந்தாலும் தப்பு, வராமலே போனாலும் தப்பு. 'ஸ்' சுத்தமாக விழும்வரை தேய்ப்பார், மாட்டுவார், மறுபடி தேய்ப்பார். "சாப்பிடறது மூணு வேளைதான். பேசறது நாள் பூரா" என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் மனிதர் தான் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த இலாகாவை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார்.

அக்கா வானொலியில் காலை அறிவிப்பாளர். பழைய ஏ.எம். நிலையம்தான், ஆனால் காய்கறிக் கடையிலிருந்து பேருந்துப் பணிமனை வரை அவள் குரல் எல்லாருக்கும் தெரியும். "நேரம் சரியாக ஏழு மணி" என்று அவள் சொன்னதும், சமையலறை அலமாரியில் இருக்கும் ரேடியோவைப் பார்த்து அத்தான் "சரிம்மா" என்பார். அப்புறம்தான் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். காது கேட்காத பெட்டிக்குப் பதில் சொல்லும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற கூத்து இது.

போன மழைக்காலத்தில் ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவை யாரோ அந்தப் பக்கம் தள்ள, இந்தப் பக்கம் நின்ற அக்காவின் முன்பல் ஒன்று போயிற்று. அத்தான் இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. பக்கத்துப் பல்லின் நிறம், ஓரத்து வளைவு எல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு பல் கட்டினார். ஊசி, மீசை, காசு. மூன்றும் மணி மணியாக வந்தன. அவர் அன்று வாய்விட்டு "பலே" என்றார். தன்னையே பாராட்டிக்கொண்டார், பாவம்.

அதே வாரம் நிலையத்தில் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பழைய ஒலியோடு சேர்த்து அதே அலைவரிசையிலேயே அதுவும் போகுமாம்; புது ரேடியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்குமாம். எங்கள் வீட்டில் இருப்பது பழசு. அதனால் அந்தச் சங்கதியை நாங்கள் சட்டை செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை. தேநீரோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். பின்னால் யாரோ எண்ணெயில் வதக்குகிற மாதிரி ஒரு இரைச்சல். நடுவில் அக்கா, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல, "போலி முகவர்களிடம் காது கொடுத்து ஏமாற வேண்டாம்" என்றாள்.

"காதா?" என்றேன்.

"காசு" என்றார் அத்தான். முகம் செத்துவிட்டது.

"நேரம் தரியாக ஏழு மணி."

அத்தான் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் நிலையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. "அந்தம்மாவுக்குப் பல்லு கொட்டிருச்சா?" என்று ஒருவர். "காது கொடுத்தாதானே உங்க ரேடியோவையே கேக்க முடியும்?" என்று இன்னொரு குசும்பர். அக்கா சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுதாள்.

வேடிக்கை என்னவென்றால் வீட்டில் பேசினால் சுத்தம், ரேடியோவில்தான் சொதப்பல். "மைக்கு முன்னாடி வாய் காய்ஞ்சு போகும். பல்லு நகரும்" என்று அத்தானே தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார். நானும் சும்மா இருந்தேனா? "பல்லுதான் அத்தான், சந்தேகமே இல்ல" என்று ஒத்து ஊதினேன். இரண்டாவது பல் கட்டினார். ரேடியோவில் அதே காது. மூன்றாவதைக் கட்டித் தேய் தேய் என்று தேய்த்தார். அதுவும் காதுதான். கடைசியில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் 'ஸ்' கொடுத்தவர், பெண்டாட்டிக்குக் கொடுக்க முடியவில்லையே என்கிற வேதனை.

"வர்ற திங்கக்கிழம டைரக்டரைப் பார்த்து சொல்லிடறேன்" என்றாள் அக்கா. "நான் எழுதிக் குடுக்கிறேன், வேற யாராவது படிக்கட்டும்."

"வேண்டாம்மா" என்றார் அத்தான்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு விடுமுறை. மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். சிறுவர் நிகழ்ச்சியில் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார்கள். இளம்பெண் ஒருத்தி கதை சொன்னாள். "ஒரு ஊர்ல ஒரு மீதைக்காரப் பூனை இருந்துச்சாம்…"

அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்தார். "யாரு இது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல பேசினது."

"அப்ப பல்லு?"

"என் சொந்தப் பல்லுதான். உங்களை அப்ப எனக்குத் தெரியவே தெரியாதே!"

ரேடியோவில் பூனை தன் மீதையை முறுக்கிக்கொண்டிருந்தது. முதலில் அத்தான் சிரித்தார், அப்புறம் அக்கா. நான் புரையேறி இருமினேன். இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நிலையத்தில் இருந்தோம். அங்கே பொறியாளர் ஒருவர் உண்டு. மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், முள் ஆடுகிறதா என்றே பார்ப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் 'மீட்டர்'. விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"எங்க காதுல விழலையேங்க. இங்க எல்லாம் புது ரேடியோதான் ஓடுது" என்றார். "ரெண்டும் ஒரே அலைவரிசைல போகணுமில்ல? டிஜிட்டலுக்கு ஓரத்துல இடம் விடணும்னு பழைய ஒலியோட அகலத்தைக் குறைச்சோம். கனமான சத்தமெல்லாம் நடுவுல போறது, தப்பிச்சுக்கும். இந்த 'ஸ்'ஸு மாதிரி கூர்மையான சத்தம் ஓரத்துல போறது. அது வெட்டுப்படும்."

"அப்ப அந்த இரைச்சல்?" என்றேன்.

"அதுதான் டிஜிட்டல். பழைய ரேடியோவுக்கு அது பாஷை புரியாது. வெறும் 'ஸ்ஸ்'ஸுன்னுதான் கேக்கும்."

அத்தான் நிதானமாகக் கேட்டார். "ஆக, என் பெண்டாட்டியோட 'ஸ்'ஸை எடுத்துட்டு, உங்க 'ஸ்'ஸை வச்சிருக்கீங்க."

மீட்டர் முதல்முறையாக முள்ளை விட்டுவிட்டு மனிதர் முகத்தைப் பார்த்தார்.

அக்காவை மைக் முன்னால் உட்காரவைத்து, வானிலையை அவளே வாசிக்கட்டும் என்றார். புது ரேடியோவில் கேட்டோம். அடேயப்பா! அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. காசு காசாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு 'ஸ்'ஸுக்கும் பின்னால் ஊசி முனை போல ஒரு விசில்.

"இந்த விசில் மட்டும் என்னோடது" என்றார் அத்தான். முகமெல்லாம் சந்தோஷம். "மூணாவதை ரொம்பத் தேச்சுட்டேன். மொதல்ல கட்டினதுதான் பல்லு! அதைத்தான் தூக்கிப் போடச் சொல்லிட்டேனே."

மீட்டர் டைரக்டரிடம் பேசினார். ஊரில் புது ரேடியோ வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலை நிகழ்ச்சி முடியும்வரை டிஜிட்டலை நிறுத்திப் பழைய ஒலியை முழு அகலத்தில் விடுவது என்று முடிவாயிற்று.

அன்று மாலை அக்கா தன் கம்மல் டப்பாவைத் திறந்தாள். பஞ்சுக்குள் அந்த முதல் பல்.

"தூக்கிப் போடுன்னு சொன்னேனே" என்றார் அத்தான்.

"சொன்னீங்க. அன்னிக்கு அதைப் பார்த்து 'பலே'ன்னீங்களே, அதை எப்படிங்க போடுவேன்?"

மறுநாள் காலை அத்தான் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி ரேடியோ முன்னால் நின்றார். வதக்கல் சத்தம் இல்லை. போலி முகவர்களிடம் யாரும் காசு கொடுத்து ஏமாற வேண்டாம் என்றாள் அக்கா. அவர் அசையவில்லை.

"நேரம் சரியாக ஏழு மணி."

"சரிம்மா" என்றார் அத்தான். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார். நான்தான் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.