சொல்தா வீட்டு மதில் காக்கா

போன வாரம் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலையோடு வந்தாள். நம் நாட்டுக்குத் தேசியப் பறவையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள், காரணம் என்ன என்று வீட்டிலுள்ள எல்லோரையும் கேட்டு எழுத வேண்டுமாம். கூடவே, வீட்டைச் சுற்றிப் பார்க்கிற பறவைகளையும் எழுத வேண்டும். கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு மொட்டை மாடிக்குப் போய் நின்றவள், கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்துவிட்டாள்.

"தாத்தா, புறாவத் தவிர ஒண்ணும் இல்ல. சரி, உன் ஓட்டு எதுக்கு?"

"காக்காவுக்கு."

அவளுக்குச் சிரிப்பு. "காக்காவா? நீ மயில்னு சொல்லுவேன்னு நான் மொதல்லயே எழுதிட்டேனே."

அவள் எழுதியதில் தப்பில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் காபி டம்ளரைத் தொடாதவன் நான். கால் வலிக்கிற இந்த வயதிலும் கிருத்திகைக்கு மயிலம் மலைக்குப் போகிறவன். சூரன் தவம் இருந்து மயிலாகி முருகனைச் சுமந்த இடம் அதுதான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் வாயில் மயில் வராமல் காக்கா ஏன் வந்தது? அவள் கையிலிருந்த ரொட்டி வாசனைதான் காரணம். சுட்ட ரொட்டி வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் பசி வராது. பொறாமை வரும்.

நான் மில்லில் வேலை பார்த்த காலம் அது. இரண்டு அறை வீடு, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம், அதில் ஒரு முருங்கை. அந்த மரத்துக்குக் கம்பளிப்பூச்சியைத் தவிர வேறு விருந்தாளி கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்துவான் அண்ணன் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் சொல்தா. மாதம் பிறந்தால் பென்சன் வரும். வேலைக்கு ஓட வேண்டாம். பனியனோடு தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

தோட்டம் என்றால் அதுதான் தோட்டம். கொய்யா, சப்போட்டா, மதிலோரம் செம்பருத்தி. விடிந்தால் மைனா, கிளி, கொண்டைக்குருவி, செம்பருத்தியில் தொங்குகிற தேன்சிட்டு, கூட்டமாக வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிற தவிட்டுக்குருவிகள். ஊரில் உள்ள அத்தனை பறவையும் அங்கேதான் இறங்கும். என் வீட்டுக்கு என்று வந்தது கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கூடு வைத்த சிட்டுக்குருவி ஒன்றுதான். கிளி கொய்யாவை அங்கே தின்னும். மிச்சத்தை என் பக்கம் போடும். இதையெல்லாம் ஒருத்தன் கவனித்து மனதில் வைத்துக்கொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். நான் வைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுச் சேவல் வேறு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து கண்ணை மூடினால் போதும், மதில்மேல் ஏறி என் ஜன்னலைப் பார்த்துத்தான் கூவும்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது என் அப்பா. அவரும் மில்லில் இருந்து ஓய்ந்தவர்தான். காலையில் பல் விளக்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்தா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே நீட்டு ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைத்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். கடைசித் துண்டை அப்பா மதில்மேல் வைப்பார். அதற்கென்றே ஒரு காக்கா காத்திருக்கும். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரி இட்லி வைத்தால், "வயிறு ரொம்பிடுச்சிம்மா" என்பார். என்னிடம் ஒரு நாளில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள், அதாவது இந்தப் பேத்தியின் அம்மா, "நமது தேசியப் பறவை மயில்" என்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே அந்துவான் அண்ணன் தலை தெரிந்தது.

"உங்க நாட்டுக்கு மயிலு. எங்க நாட்டுக்குச் சேவலு, பாப்பா."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க நாடுன்னா எது அண்ணே? நீங்க குந்தி இருக்கறது எங்க ஊர்லதானே?"

"எது பென்சன் குடுக்குதோ அது எங்க நாடு, தம்பி."

"மயிலுன்னா சும்மாவா? முருகனையே சொமக்குது."

"ஏன், உங்க முருகன் கொடியில இருக்கறது என்னா? எங்க ஊட்டுச் சேவல்தானே?"

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் மணி அடித்ததும் பூசைக்குப் போகிற மனுசன், என் சாமியை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பெற்ற பிள்ளை தோற்றதற்கு அப்படி ஒரு சிரிப்பு.

"மிசியே, நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்றார் சொல்தா. அப்பாவை அவர் மிசியே என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

"மயிலு மயிலத்துல கீது. சேவலு கொழம்புக்குப் போவப் போவுது" என்றார் அப்பா. "நான் செத்தா என் எலைக்கு எது வரும்? காக்காதானே. என் ஓட்டு அதுக்குத்தான்."

அடுத்த வருசமே அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் வந்த முதல் ஆடி அமாவாசைக்கு நான் விடியற்காலையில் கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். இலையில் எடுத்துப் போய் மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். காக்கா வந்து வாய் வைத்தால் அப்பா சாப்பிட்டார் என்று அர்த்தம். அது வரைக்கும் வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது.

ஒன்றும் வரவில்லை. வராமல் எங்கே போகும்? கொய்யா மரத்தில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. என் குரலுக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. எல்லாம் அந்துவான் அண்ணன் கையிலிருந்த ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் பசியில் அழ ஆரம்பித்தாள். "இன்னாங்க, மாமாவுக்கு நம்ம மேல ஏதாவது கோவமா?" என்றாள் என் வீட்டுக்காரி. அந்தக் கேள்விதான் என்னை அறுத்தது. கொள்ளி வைத்தவன் நான். மொட்டை போட்டவன் நான். உயிரோடு இருந்தபோதுதான் அந்தப் பக்கம் போனார் என்றால், செத்த பிறகுமா?

அந்துவான் அண்ணனுக்கு விசயம் புரிந்துவிட்டது. ரொட்டியைப் பனியனுக்குள் மறைத்துக்கொண்டார். ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொய்யா மரத்தைத் தட்டினார். "போ, போ, அங்க போ. உன் ஊடு அதுதான்" என்று விரட்டினார். மைனா, கிளி எல்லாம் பயந்து பறந்தன. பறவை மேல் கல் எறிகிற பையன்களைத் தெருக்கோடி வரை துரத்துகிற மனுசன், அன்றைக்குத் தன் தோட்டத்துப் பறவைகளைத் தானே விரட்டினார். அப்போதுகூட எனக்கு மனசு இளகவில்லை. இவர் விரட்டி என் அப்பா என்னிடம் வர வேண்டுமா என்றுதான் இருந்தது.

காக்காய்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே கிளையில் வந்து உட்கார்ந்தன. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. முருகனை நினைத்துக்கொண்டேன். மதிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அண்ணே, அந்த ரொட்டியில ஒரு துண்டு குடுங்க."

அவர் பனியனுக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்தார். பிய்த்துக் கொடுத்தார். "காபியில நனச்சி வையி தம்பி. அப்பதான் தொடுவாரு" என்று மட்டும் சொல்லி, உள்ளே போய்த் தன் டம்ளரையும் கொண்டு வந்தார். நனைத்து, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் கையை எடுப்பதற்குள் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. ரொட்டியைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

"மாமா வந்துட்டாரு. வாங்க, எல போடறேன்" என்றாள் என் வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் திருப்தியாகச் சாப்பிட்டாள். நான் மதில்மேல் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை அவர் தொடவில்லையே.

அப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் மதில்மேல் எனக்கு முன்னால் ஒரு துண்டு ரொட்டி காத்திருக்கும். அதற்காக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு ஒன்றும் நடந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்துவான் அண்ணனைப் பிள்ளைகள் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று சேவலை என் கையில் கொடுத்தார். கொஞ்ச காலம் இருந்தது. என் வாசலில் நின்று காலி வீட்டைப் பார்த்துக் கூவும்.

பல வருசம் கழித்து ஒரு ஆடி அமாவாசையில் அவரிடமிருந்து போன் வந்தது. நான் அப்போதுதான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு மாடியிலிருந்து இறங்கியிருந்தேன். அன்றைக்கு ஒரு காக்காயும் வரவில்லை.

"தம்பி, இன்னிக்கி அமாவாசதானே. இங்க ஜன்னல்ல ஒரு காக்கா வருது. நம்ம ஊரு மாதிரி கழுத்து சாம்பலா இல்ல, முழுக் கருப்பு. ரொட்டிய நனச்சி வெச்சேன். அப்படியே தலைய சாய்ச்சிப் பாத்துது, மிசியே மாதிரி."

"சந்தோசம் அண்ணே" என்று போனை வைத்துவிட்டேன். அப்பா கடல் தாண்டியும் அங்கேதான் போயிருக்கிறார்.

இப்போது அந்துவான் அண்ணனும் இல்லை. அவர் வீடு இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் தங்குகிற லாட்ஜ் நிற்கிறது. கொய்யா இருந்த மூலையில் ஜெனரேட்டர். கிளி, மைனா, மீட்டர் பெட்டிச் சிட்டுக்குருவி எதுவும் இல்லை. நான் அமாவாசைக்கு நீட்டு ரொட்டி வாங்கி, காபியில் நனைத்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கிறேன். புறா தின்கிறது.

"தாத்தா, காக்காவுக்குக் காரணம் என்னான்னு எழுதட்டும்?" பேத்தி பேனாவோடு நின்றாள்.

"கூப்புட்டா வரும்னு எழுது."

"நீ கூப்புட்டா வரலியே."

"எனக்கில்ல. பக்கத்து வீட்டுக்கு வரும்."

அவள் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வயிறெரிந்து பார்க்க எனக்கு இருந்தது ஒரே ஒரு மதில். அதை லாட்ஜ் கட்டும்போது இடித்துவிட்டார்கள்.