உசுரோடதான் இருக்கேன்

பரளச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, நெற்றி நிறையத் திருநீறு. போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்து, “உசுரோடதான் இருக்கேன், சொல்லுங்க” என்றார்.

“என்னண்ணே இது?” என்று கேட்டேன்.

“நான் செத்துட்டேன்னு எவனோ எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான் தம்பி. அது பொய்யின்னு நானே வீடியோ போட்டேன். தெருவோட போயிருக்க வேண்டியது, அந்த வீடியோவால இப்ப மல்லாங்கிணத்துல இருந்தெல்லாம் மாலையோட துட்டி கேக்கக் கெளம்பிட்டாக!”

“பேசாம இருந்திருக்கலாமே?”

“பேசாம இருந்தா செத்தது நெசம்னு ஆயிருமே! முகூர்த்த மாசம் தம்பி, ஆர்டரெல்லாம் வேற ஆளுக்குப் போயிரும்.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் மீசை குலுங்கச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “பஸ்ஸுல ஒரு சமையல் மாஸ்டரப் பாத்தேன். அவர் செத்துட்டார்னு யாராவது சொன்னா நம்பாத, நல்லாத்தான் இருக்காரு” என்றேன்.

அவள் பதறிப்போய், “அய்யய்யோ, எப்பங்க செத்தாரு?” என்றாள்.