முழங்கையில் மாறிய சத்தம்

சித்தியின் நோட்டுப் புத்தகத்தை நினைத்தால், எழுத்துக்கு முன்னால் அதன் தாள்களுக்கிடையே படிந்திருந்த கல்தூள்தான் நினைவுக்கு வருகிறது. மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய சிற்பப் பட்டறை. காலையில் திறந்ததும் உளியைத் தொடமாட்டார். சிறு சுத்தியலால் சிலையை உச்சியிலிருந்து அடிவரை தட்டிக் கேட்பார், கேட்டதை எழுதுவார். நெற்றி, கணீர். இடத்தோள், கணீர். அதன் கீழே, அன்று செதுக்கவேண்டிய இடம். மாலையில் இரண்டு வரி: 'செஞ்சது', 'கெடுத்தது'. நாவலூரில் இயந்திர உதிரிபாகங்களை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்து, சித்தி வீட்டில் தங்கியிருந்த எனக்கு அந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும். எங்கள் அலுவலக அறிக்கைகளில் 'கெடுத்தது' என்றொரு வரி கிடையாது.

பல வருடங்கள் அடுத்தவர் பட்டறைகளில் சிலைகளுக்கு மெருகு போட்டவர் சித்தி. பெண்களுக்கு அங்கே அந்த வேலைதான் கிடைக்கும். சொந்தப் பட்டறையில், தன் பெயரில் அவர் எடுத்த முதல் பெரிய வேலை, ஒரு விடுதி வாசலுக்கான மீன்காரி சிலை. தலையில் கூடை, அதைப் பிடித்தபடி உயர்த்திய வலக்கை. விடுதி கொடுத்த படம் அப்படி. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார். முகமும் கையும் தெரியத் தொடங்கியிருந்தன. தோளுக்குக் கீழே இன்னும் வெறும் பாறை.

ஒரு சனிக்கிழமை, வலது முழங்கையைத் தட்டியபோது சத்தம் தொப்பென்று விழுந்தது. முந்தைய நாள் பக்கத்தில் அதே இடம் 'கணீர்'. சித்தி தண்ணீர் ஊற்றினார். கல் உலர்ந்த பிறகும் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு மட்டும் காயாமல் நின்றது. உள்ளே விரிசல்.

எஃகுக் கம்பி செருகிப் பசை வைத்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"நிக்கும்டி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நாளைக்கித் தட்டுனா தொப்புன்னுதான கேக்கும்? நோட்டுல இன்னான்னு எழுதறது? இன்ஜினியரம்மா சொல்டாங்க, கணீர்னா?"

அன்று உளி எடுக்கவில்லை. மீன் சந்தைக்குப் போய், கூடையோடு நடக்கும் பெண்களை வரைந்துகொண்டு வந்தார். மறுநாள் அந்தக் கையை இயந்திரத்தால் அறுத்துத் தள்ளினார். இடுப்பருகே மிச்சமிருந்த பாறையில் புதுக் கைக்குக் கோடு போட்டார். அன்று மாலை எழுதியது: 'கெடுத்தது: வலக்கை. நானேதான்.'

விடுதி மேலாளர் வந்து பார்த்தார். அவர் வேண்டாம் என்றால் சித்தி மறுபடி மெருகு போடத்தான் போகவேண்டும்.

"என்னம்மா இது? படத்துல கூடையப் புடிச்சிருக்காளே. இங்க கை சும்மா தொங்குது?"

"சும்மா ஒண்ணும் தொங்கல சார். வீசிகினு போறா. கூடையவே புட்சிகினு நின்னா மீனு யாரு விக்கிறது, நீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. சிலையைச் சுற்றி வந்தார். மீன்காரியின் முகத்துக்கு நேராக வந்ததும், எதிரே வருபவளுக்கு வழிவிடுவதைப் போலச் சற்று ஒதுங்கினார். பிறகு, லாரி எப்போது வரவேண்டும் என்று கேட்டார்.

இப்போது சித்தியின் கொட்டகையில் மூன்று பெண்கள் உளி பிடிக்கிறார்கள். விடுதி வழியாகப் போகும்போதெல்லாம் நான் வண்டியை மெதுவாக்குவேன். வருகிறவர்கள் மீன்காரியின் வலக்கையைக் கோத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். யாரும் மெருகு போடாமலே அந்த விரல்கள் பளபளக்கின்றன.